இருபத்தேழாவது கோது

ஹரோ,
12.01.1998

அன்பின் பாலேந்திராவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீரும் சிவகௌரியும் கனடாக் குளிரில் சுகமாகத்தான் இருப்பீர்கள். உமக்கு எது வந்தாலும் வலிப்பது பக்கத்தில் நிற்பவனுக்குத்தான். மேலே 'அன்பின்' என்று போட்டிருப்பது தவநாயகியின் பிடிவாதம். அந்தச் சொல் இல்லாத கடிதத்துக்கு அவள் முத்திரை ஒட்டமாட்டாளாம். இருபத்தைந்து வருடம் 'நீ' என்று எழுதிய கைக்கு 'நீர்' என்று எழுதச் சிரமமாக இருக்கிறது. பழகிவிடும்.

லண்டனை விட்டுப் போய்ப் பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு உம்முடைய முதல் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஸ்காபரோவில் வீடு வாங்கியது, அதன் நிலவறையில் உமக்கென்று ஓர் அறை ஒதுக்கியது, அங்குள்ள தமிழ்ச் சங்கம் உம்மைத் தலைவராக்கியது, துவக்குச் சுடும் கழகம் ஒன்றில் சேர மனுப் போட்டது எல்லாம் வாசித்தேன். கடைசியில் ஒரு கேள்வி. "இஞ்சை எல்லாரும் தோட்டாவைத் தாங்களே நிரப்புறாங்கள். எனக்கும் இது பொழுதுபோக்காச் சரிவருமோ எண்டு நீதான் சொல்லவேணும். உன்னை விட்டா இதைக் கேக்க எனக்கு ஆர் இருக்கினம்?" என்று எழுதியிருக்கிறீர். கூடவே கழகத்தின் படிவம். உம்முடைய நடத்தைக்குச் சான்று சொல்லும் ஆளாக என்னுடைய பெயரைப் போட்டிருக்கிறீர்.

அதை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தவநாயகி குசினியிலிருந்து ஓடி வந்தாள். எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துவிட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசியும்.

தோட்டா நிரப்பப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அளவுக்கு இறுக்கி, அடியில் நெருப்புப் பற்றவைக்கும் புதுப் பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, மேலே ஈயச் சன்னத்தை அமர்த்தவேண்டும். ஒன்றைச் செய்ய எவருக்கும் ஏலும். ஐம்பதையும் ஒரே மாதிரிச் செய்வதுதான் பொழுதுபோக்கு. நான் ஆஸ்பத்திரித் தராசுகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டுக்கு வந்தும் ஒரு தராசின் முன்னால் உட்காருவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பின்னறைக் கதவைச் சாத்தினால் டெலிபோன் இல்லை, சங்கம் இல்லை, ஊர்ச் செய்தி இல்லை. அந்த வருடங்களில் ஊர்ச் செய்தி எப்படிப்பட்டது என்று உமக்குத் தெரியும். கிழமையில் இரண்டு மணித்தியாலம் என்னைக் கவலைப்படாமல் வைத்திருந்த ஒரே காரியம் அதுதான்.

அதற்கு ஒரு குணம் வேண்டும். ஒரேயொரு கோதில் சந்தேகம் வந்தாலும் ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று தனக்குத்தானே சொல்லக்கூடியவனுக்கு இந்தப் பொழுதுபோக்குச் சரிவரும். மேடையில் ஏறி எல்லாம் தெரியும் என்று சொல்லிப் பழகியவனுக்குச் சரிவராது. உமக்குச் சரிவரவே வராது.

காரணம் உமக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நீர் கோர்ட்டில் சொன்னது மட்டும்தான் இதுவரை உண்மையென்று எழுத்தில் இருக்கிறது.

1996 மார்ச் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை காலை. அடுத்த நாள் எங்கள் துவக்குக் கழகத்தில் போட்டி. என்னுடைய பின்னறையில் நானும் நீரும். ஐம்பது துளை போட்ட மரப்பலகையில் ஐம்பது கோது நிற்கிறது. மருந்து ஊற்றுவது நான், சன்னம் அமர்த்துவது நீர். செய்தி பார்ப்பதற்கென்று முன்னறையில் டீவியைப் போட்டதும் நீர்தான். அதில் உலகக் கிண்ணக் காலிறுதி, இலங்கையும் இங்கிலாந்தும். அந்த வருடப் பொங்கல் விழாவில்தான் நீர் சங்க மேடையில் நின்று, "அந்தக் கொடிக்குக் கீழை விளையாடுற அணியைத் தமிழன் ஒருத்தனும் பாக்கப்படாது" என்று முழங்கியிருந்தீர். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்று காலை அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரன் பந்தை விளாசத் தொடங்கியதும் உம்மால் கதிரையில் இருக்க முடியவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பி எழும்பிப் போனீர். அவ்வளவு தண்ணீரை ஒரு மனிதன் குடிக்கமாட்டான்.

நான் இருபத்தாறு கோதுக்கு ஊற்றி முடித்தபோது கிரிஜாவைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடும் நேரம் வந்துவிட்டது. எழும்பும்போது உமக்குச் சொன்னேன். இருபத்தாறு முடிந்தது, பலகையைத் தொடவேண்டாம், வந்து மிச்சத்தைச் செய்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தால் ஐம்பதும் முடிந்திருக்கிறது, சன்னமும் அமர்த்தியாயிற்று. "உனக்கு உதவியா இருக்கட்டும் எண்டு மிச்சத்தையும் ஊத்திட்டன்" என்றீர். மூடுவதற்கு முன் டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்தீரோ என்று கேட்டேன். "ஓம் ஓம், எல்லாம் பாத்திட்டன்" என்றீர். அந்த ஓம் ஓம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. அந்த இடத்திலேயே நான் ஐம்பதையும் ஒதுக்கியிருக்கவேண்டும். நண்பனைச் சந்தேகிப்பது அழகில்லை என்று பெட்டியில் அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் ஜம்புநாதனுக்குத் தோட்டா முடிந்துவிட்டது. இல்ஃபோர்ட்டில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மாயவரத்துக்காரர், கழகத்தில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழர். என்னிடம் பத்து வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவது வெடியில் அவருடைய ரிவால்வர் பிளந்தது. அந்தக் கோதுக்குள் இரண்டு தரம் மருந்து விழுந்திருந்தது. வலது கையில் சுட்டுவிரல் போயிற்று, பெருவிரல் இனி மடியாது. ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது ஒரு வசனம். "உங்க கை சுத்தம்னு நம்பித்தான் வாங்கினேன், சார்." அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. கிளினிக்கை மூடிவிட்டார்.

மூன்று நாளில் ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒருவன் துவக்கோடு புகுந்து சின்னப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற அந்தக் கொடுமை நடந்தது. அதற்குப் பிறகு துவக்கு வைத்திருந்த எவன் சொல்வதையும் இந்த நாடு காது கொடுத்துக் கேட்கவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. நானும் பிள்ளை பெற்றவன். வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர் என் பின்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் எந்த இயக்கம் என்று கேட்டார். லைசென்ஸைப் பறித்தார்கள். நான் அப்பீல் போட்டது துவக்கைத் திருப்பி எடுப்பதற்காக இல்லை. ஜம்புநாதன் கோர்ட்டுக்கு வருவார், யாருடைய கை என்று அவருடைய காதில் விழும் என்பதற்காகத்தான் போட்டேன்.

அவர் வந்தார். கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். நீர் கூண்டில் ஏறினீர். டீவி ஓடியதா என்று என் வக்கீல் கேட்டார். பின்வரிசை வாங்கில் சங்கத்து ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நீர் முதலில் அவர்களைப் பார்த்தீர், பிறகுதான் பதில் சொன்னீர். டீவி நிற்பாட்டியிருந்தது, அந்த அணியின் ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை என்றீர். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய். மருந்தைத் தொடவே இல்லை, பெட்டியில் லேபல் ஒட்டியது மட்டும்தான் என் வேலை என்றீர். ஒரு கிரிக்கெட் ஆட்டம் பார்த்த வெட்கத்துக்காக என்னை விற்றீர், பாலேந்திரா. தன் பிழையை நண்பனின் தலையில் கட்டப் பார்த்தவன் என்ற பெயரோடு நான் வெளியே வந்தேன். ஜம்புநாதன் என்னைக் கடந்து போனார்.

நான் ஊற்றிய இருபத்தாறுக்கும் நான் பொறுப்பு. ஊற்றி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னேன். இருபத்தேழாவது கோதிலிருந்து உம்முடைய கை. அதை இரண்டு வருடமாகப் பஸ்ஸிலும் வேலையிலும் சாப்பாட்டு மேசையிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உம்மேல் சின்னச் சின்னப் பழியெல்லாம் வாங்கிவிட்டேன். கிரிஜாவின் பிறந்தநாள் ஆல்பத்தில் உம்முடைய முகம் தெரியும் படங்களைப் பின்புறம் திருப்பிச் செருகியிருக்கிறேன். நீர் வீடுகுடிபுகலுக்குத் தந்த மணிக்கூட்டைப் பற்றரி கழற்றிக் கராஜில் தொங்கவிட்டிருக்கிறேன். நீர் கனடா போன அன்று தவநாயகியைப் பாயாசம் காய்ச்சச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்றிலும் மனம் ஆறவில்லை.

இப்போது நீராகவே படிவத்தை அனுப்பியிருக்கிறீர். விண்ணப்பதாரர் பொறுப்பானவரா, கவனமானவரா, உண்மை பேசுபவரா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தாள் என் கையில் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அழகான எழுத்தில் பதில் எழுதுவேன். இடம் போதாவிட்டால் தாள் ஒட்டுவேன். ஒரு பிரதி உம்முடைய சங்கத்துக்கும் போகும். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. ஜம்புநாதனுக்கு உம்முடைய கைப்பட நடந்ததை எழுதும். பெப்ரவரி பதினைந்து வரைக்கும் பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் பொறுக்கமாட்டேன்.

கிரிஜா இந்த வருடம் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். தவநாயகிக்குக் கவுன்சிலில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உம்முடைய வீட்டில் பால் நன்றாகப் பொங்கவேண்டும் என்று எழுதச் சொல்கிறாள். அது அவளுடைய வாழ்த்து, அனுப்புகிறேன். என்னுடையதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உம்முடைய பழியைச் சுமக்கும்
ஸ்ரீஸ்கந்தராஜா


ஹரோ,
10.02.1998

பாலேந்திரா,

இதைத் தவநாயகிக்குக் காட்டாமல் எழுதுகிறேன். மேலே ஒரு சொல் குறைவது அதனால்தான்.

உன் பதில் நாலு வரி. "டீவி நிப்பாட்டித்தான் இருந்தது. கோர்ட்டிலையும் அதைத்தான் சொன்னனான். சாட்சி இருந்தாக் காட்டு, இல்லாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இரு." நல்லது. நீ இதை எழுதியிராவிட்டால் நான் தேடியிருக்கமாட்டேன்.

சாட்சி, சாட்சி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தபோதுதான் நினைவு வந்தது. அன்று தமிழ் வகுப்பில் கிரிஜாவுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு மாம்பழம். புறப்படுவதற்கு முன் அவள் முன்னறையில் நின்று பேசிப் பழகியதைத் தவநாயகி வீடியோ எடுத்தாள். அடுத்த நாளே எல்லாம் தலைகீழாகிவிட்டது. அந்தக் கசற்றை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை, கோர்ட்டு நேரத்தில் ஒருவருக்கும் நினைவும் வரவில்லை. பெண்சாதியின் சொல் எடுபடாது என்று வக்கீல் தவநாயகியைக் கூண்டில் ஏற்றவும் இல்லை. மேல்மாடியில் மூன்று பெட்டியைக் கொட்டித் தேடி எடுத்தேன்.

பிள்ளை வணக்கம் சொல்லித் தொடங்குகிறாள். அவளுக்குப் பின்னால் டீவி ஓடுகிறது. ஓடுகிறது, பாலேந்திரா! வலது பக்கத்தால் நீ பாய்ந்து வருகிறாய். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அடியடா! இங்கிலீசுக்காரனுக்குக் குடடா!" என்று கத்துகிறாய். "அண்ணை, பிள்ளை பேசுறாள், அங்காலை போங்கோ" என்று தவநாயகியின் குரல் கேட்கிறது. நான் எழும்பி நின்று கைதட்டினேன். மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வரவில்லை. உன் சங்கத்துக்கு எத்தனை பிரதி, கழகத்துக்கு எத்தனை, சிவகௌரியின் தமையன் வீட்டுக்கு ஒன்று போகட்டுமா என்று யோசித்தேன். உங்கள் மண்டபத்தில் இதைப் போட்டுக் காட்டும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சுவைத்தேன்.

நாலாம் தரம் நிற்பாட்ட மறந்து ஓட விட்டுவிட்டேன்.

நீ வெளியே போகிறாய். பிள்ளை மாம்பழத்தில் உள்ள சத்துகளுக்கு வந்துவிட்டாள். டீவியில் மறுபடியும் கூச்சல். இந்தத் தரம் நீ தனியாக வரவில்லை. உனக்குப் பின்னால் இன்னொருவன் ஓடி வருகிறான். உன்னைவிட உயரமாகக் குதிக்கிறான், ஒரு கையால் உன் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறான், பிள்ளை பேச்சை நிற்பாட்டிவிட்டு அவனைப் பார்க்கிறாள். அவளுடைய அப்பா. மற்றக் கையில் தராசுத் தட்டு. அதில் மருந்து இருக்கிறது. சிந்தாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குதிக்கிறேன்.

கதிரையை விட்டு எழும்பவில்லை என்று சத்தியம் செய்தவன் நான். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். உனக்காவது நீ சொன்னது பொய் என்று தெரியும். நானும் அந்த மேடைக்குக் கீழே இருந்து கைதட்டியவன்தானே. நான் அப்படிக் குதித்ததை எனக்கே தெரியாத இடத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தட்டோடு திரும்பிப் போய் எந்தக் கோதில் ஊற்றினேன்? எழும்பும்போது எதில் விட்டிருந்தேன்? பத்தொன்பதா, இருபதா? எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஜம்புநாதனின் கையில் வெடித்தது நீ ஊற்றியதாக இருக்கலாம். நான் ஊற்றியதாகவும் இருக்கலாம். இனி அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் எவரும் இல்லை. உனக்கு இது பொழுதுபோக்காகச் சரிவராது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். சந்தேகம் வந்தால் ஐம்பதையும் கொட்டு என்று உபதேசமும் செய்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை, பாலேந்திரா.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. தொடாதே என்றதைத் தொட்டாய். பார்க்காததைப் பார்த்தேன் என்றாய். கூண்டில் ஏறி என் முகத்தைப் பார்க்காமல் என்னை விற்றாய். அந்தக் கோபம் ஒரு அவுன்ஸும் குறையவில்லை, உன் படங்களும் அப்படியே திரும்பித்தான் கிடக்கின்றன. நீ குதிக்கும் இடத்தோடு வெட்டிப் பிரதி எடுக்கலாமா என்று ஒரு பின்னேரம் முழுக்க ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன் என்பதையும் உனக்குச் சொல்கிறேன். தவநாயகி வந்து பார்த்தாள். "வெட்டுறதெண்டா என்ரை குரலையும் சேத்து வெட்டுங்கோ. நான் அண்டைக்கு இந்த வீட்டிலை இருக்கேல்லை எண்டு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கை வரவில்லை.

உன் படிவத்தை நிரப்பாமல் இதனோடு திருப்பி அனுப்புகிறேன். வேறு யாரையாவது பிடி. உன் கவனத்துக்குச் சான்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கசற்றை எடுத்துக்கொண்டு இல்ஃபோர்ட்டுக்கு ஜம்புநாதன் வீட்டுக்குப் போகிறேன். முழுவதையும் போட்டுக் காட்டப் போகிறேன், நீ வரும் இடத்தையும் நான் வரும் இடத்தையும். கதவைத் திறப்பாரோ தெரியாது. திறந்தால், இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வார் என்பதும் தெரியாது. பொலிசுக்கும் கொடுக்கலாம், கொடுக்கட்டும். பிள்ளையின் மாம்பழப் பேச்சைத்தான் முதலில் கேட்கவேண்டி வரும் அவருக்கு. அதற்காகவும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இதைக் கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். நான் போவதற்கு முன் நீ அவரைக் கூப்பிடவேண்டும். வெருட்டவில்லை, கேட்கிறேன். இரண்டு பேர் செய்ததை ஒருவன் மட்டும் போய்ச் சொன்னால் அது மறுபடியும் பாதிதான். பாதியை அந்த மனிதர் ஏற்கெனவே ஒரு தரம் கோர்ட்டில் கேட்டுவிட்டார். சங்கத்துக்கு நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நானும் சொல்லமாட்டேன். அவருக்கு மட்டும் சொல்.

பழைய நம்பர்தான், மாறவில்லை. உங்கள் நேரம் காலை ஏழு மணிக்கு எடுத்தால் அவருக்கு மத்தியானம் பன்னிரண்டு. வீட்டில்தான் இருப்பார். இடது கையால் எடுக்க இன்னும் சரியாகப் பழகவில்லையாம், மணி கனநேரம் அடிக்கும். நீ வைத்துவிடாதே.

ஸ்ரீஸ்கந்தராஜா